குமரி மண்ணின் சமயங்கள் – 9: ஏழரைப் பள்ளியில் அந்த அரை

சென்ற அத்தியாயத்தில் சிதறால் மலையேறினோம். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்தோம். ஒன்பதாம் நூற்றாண்டில் குணந்தாங்கிக் குறத்திகள் என்ற சமணப் பெண் துறவி அங்கே பொன்னணி கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டையும் படித்தோம். கொடுத்தவர் பெயர், அரசனின் ஆட்சியாண்டு, கொடுத்த பொருள் எல்லாம் கல்லிலேயே இருப்பதால் அங்கே வாதத்துக்கு வேலையில்லை. இந்த வாரம் போகும் இடத்தில் அந்த வசதி நமக்கு இல்லை.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவிதாங்கோடு. வேணாட்டு அரசர்கள் கல்குளத்துக்கு, அதாவது இன்றைய பத்மநாபபுரத்துக்குப் போகும் முன் இருந்த தலைநகர் இது. திருவிதாங்கூர் என்று ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களே நாஞ்சில் நாடு என்று கணக்கு வைத்தால் இது அந்த எல்லைக்குச் சற்று மேற்கே, கல்குளம் பகுதியில் வரும். இங்கே கருங்கல்லில் கட்டிய சிறிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பொறுப்பில் இருக்கும் இதை 2007இல் அத்திருச்சபை பன்னாட்டுப் புனிதத் தலமாக அறிவித்தது. ஊர்மக்களுக்கு இது அரைப்பள்ளி.

மரபு சொல்வது இது. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமா கி.பி. 52இல் கொடுங்கல்லூருக்குக் கப்பலில் வந்து இறங்கினார். கொடுங்கல்லூர், பாலயூர், பரவூர், கொக்கமங்கலம், நிரணம், நிலைக்கல், கொல்லம் ஆகிய ஏழு ஊர்களில் சபைகளை நிறுவினார். பிறகு தெற்கே வந்து, கி.பி. 63இல் திருவிதாங்கோட்டில் ஒரு சிறிய சபையை உண்டாக்கினார். ஏழும் ஒரு அரையும் சேர்த்து ஏழரைப் பள்ளி. சிறியதாக இருந்ததால் அரை என்பார்கள். அரசன் இடம் கொடுத்ததால் அரசப்பள்ளி என்பது சுருங்கி அரைப்பள்ளி ஆயிற்று என்றும் சொல்வார்கள்.

இது நடந்ததா? அதற்கு விடை தேடப் போனால், தோமாவின் குருவைப் பற்றி ஐரோப்பிய ஆய்வாளர்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளாக நடத்திவரும் பெரிய விவாதத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. வரலாற்று இயேசு யார் என்ற கேள்விக்கு அவர்கள் உருவாக்கிய அளவுகோல்கள் அரைப்பள்ளி வாசலிலும் நமக்கு உதவும்.

இயேசுவைத் தேடியவர்கள்

ஜெர்மனியில் ஹெர்மன் ரைமாரஸ் என்ற பேராசிரியர் எழுதி, வெளியிட அஞ்சிப் பெட்டியில் வைத்திருந்த பக்கங்களை, அவர் இறந்தபின் லெஸ்ஸிங் 1774 முதல் 1778 வரை பகுதி பகுதியாக அச்சேற்றினார். ரோம ஆட்சியிலிருந்து யூதரை விடுவிக்க முயன்று தோற்ற தலைவர் இயேசு என்பது ரைமாரஸின் முடிவு. 1835இல் டேவிட் ஸ்ட்ராஸ், நற்செய்திகளில் வரும் அற்புதங்கள் பழைய யூத வேத நம்பிக்கைகளிலிருந்து முளைத்த புராணக் கதைகள் என்று எழுதி ஆசிரியர் வேலையை இழந்தார். புருனோ பவுர், பிறகு 1909இல் ஆர்தர் டிரூஸ், இன்னும் ஒருபடி போய் இயேசு என்று ஒருவர் வாழவே இல்லை என்றார்கள்.

இந்தக் கடைசிக் கருத்தை இன்று மிகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. காரணம் நம்பிக்கை சார்ந்ததல்ல, சான்று சார்ந்தது. இயேசு இறந்தது கி.பி. 30ஐ ஒட்டி. பவுலின் கடிதங்கள் 50களில் எழுதப்பட்டவை. ஆண்டவரின் சகோதரரான யாக்கோபை எருசலேமில் நேரில் சந்தித்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொல்கிறார். வாழாத ஒருவருக்குச் சகோதரர் இருக்க முடியாது. முதல் நூற்றாண்டின் இறுதியில் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் அதே யாக்கோபைக் குறிப்பிடுகிறார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமரான டாசிட்டஸ், பிலாத்து காலத்தில் கிறிஸ்து கொல்லப்பட்டதைப் பதிவு செய்கிறார்.

ஆனால் வாழ்ந்தவர் எப்படிப்பட்டவர் என்பதில் ஒருமிப்பு இல்லை. உலக முடிவு நெருங்கிவிட்டது என்று அறிவித்த தீர்க்கதரிசி என்றார் ஆல்பர்ட் ஷ்வைட்சர், 1906இல். கலிலேயாவின் யூதப் புண்ணிய புருடர்களில் ஒருவராகப் பார்த்தார் 1973இல் கேசா வெர்மெஷ். ஆட்சி, சாதி, சொத்து என்ற வரம்புகளை உடைத்துப் பந்தியில் எல்லோரையும் உட்காரவைத்த குடியானவ ஞானி என்றார் 1991இல் ஜான் டொமினிக் குரோசன். ஷ்வைட்சர் தமக்கு முந்தைய நூல்களையெல்லாம் அலசிவிட்டுச் சொன்ன குறை இன்றும் பொருந்தும்: ஒவ்வொரு காலமும் தன் விருப்பத்துக்கேற்ற இயேசுவைக் கண்டெடுக்கிறது.

அப்படிக் கண்டெடுக்கப்பட்ட ஓர் இயேசு இந்தியாவிலும் உலவுகிறார். 1894இல் நிக்கோலாஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் இயேசுவின் இந்திய வாழ்க்கையைச் சொல்லும் சுவடியைக் கண்டதாக நூல் வெளியிட்டார். மாக்ஸ் முல்லர் அதே ஆண்டு மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டு ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் என்ற பேராசிரியர் ஹெமிஸுக்கே போய் மடாதிபதியைக் கேட்டபோது, அப்படியொரு சுவடி கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். காஷ்மீரின் ரோசாபால் கல்லறை இயேசுவுடையது என்று 1899இல் மிர்சா குலாம் அகமது எழுதியது அகமதியா சமூகத்தின் நம்பிக்கையாக நீடிக்கிறது. வரலாற்றாசிரியர்கள் ஏற்கும் சான்று அதற்கு இல்லை.

இத்தனை விவாதத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல்கள் மூன்று. நிகழ்ச்சிக்கும் அதைச் சொல்லும் ஏட்டுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள்? ஒன்றையொன்று பார்த்து எழுதாத சாட்சிகள் எத்தனை? சொல்பவருக்கு அதனால் என்ன ஆதாயம்?

இரட்டையர் தோமா

தோமாவைப் பற்றிய முதல் விரிவான நூல் ‘தோமாவின் பணிகள்’. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடெஸ்ஸா நகர்ப் பக்கத்தில் சிரிய மொழியில் எழுதப்பட்டது. உலகம் சீடர்களுக்குச் சீட்டுப்போட்டுப் பங்கிடப்படுகிறது. தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவர் போக மறுக்கிறார். இயேசுவே தோன்றி, ஹப்பான் என்ற வணிகனிடம் அவரை அடிமைத் தச்சராக விற்றுவிடுகிறார். குந்தபர் என்ற அரசன் மாளிகை கட்டப் பணம் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகை பரலோகத்தில் எழும்பியிருக்கிறது என்கிறார். கடைசியில் மஸ்தாய் என்ற வேறோர் அரசனின் நாட்டில் ஈட்டியால் குத்தப்பட்டு இறக்கிறார்.

நெடுங்காலம் இது முழுக்கக் கட்டுக்கதை என்றே ஐரோப்பியர் எண்ணினார்கள். 1830களில் காபூல் வட்டாரத்தில் கிடைத்த நாணயங்களில் கொண்டோபரஸ் என்ற அரசனின் பெயர் வந்தது. பிறகு தக்த்-இ-பாகி கல்வெட்டு கிடைத்தது. அதைக் கொண்டு அவன் கி.பி. 46ஐ ஒட்டி ஆண்டுகொண்டிருந்ததாகப் பலர் கணக்கிட்டார்கள். கதையின் அரசன் வரலாற்றில் வாழ்ந்தவன் என்றானது. தோமாவின் இந்தியப் பயணத்தை ஏற்பவர்களுக்கு இது பெரிய பலம். எடெஸ்ஸாவில் இருந்த ஒரு கதாசிரியருக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பார்த்திய அரசனின் பெயர் எப்படித் தெரிந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆயினும் குந்தபர் ஆண்டது வடமேற்கு. நாணயம் அரசனை மெய்ப்பிக்கிறது. அவன் அவையில் தோமா நின்றதை மெய்ப்பிக்க நாணயத்தால் ஆகாது. செசரியாவில் 1961இல் கிடைத்த கல்வெட்டு பிலாத்து வாழ்ந்ததைக் காட்டியது. இயேசுவின் விசாரணையில் பேசப்பட்டவற்றுக்கு அது சாட்சியாகவில்லை.

அந்த நூலில் தோமாவின் முழுப்பெயர் யூதா தோமா. அரமாய மொழியில் தோமா என்றால் இரட்டையர். நூல் அவரை இயேசுவின் இரட்டையராகவே நடத்துகிறது. இயேசு ஓரிடத்தில் தோமாவின் உருவத்திலேயே தோன்றுகிறார். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசுவின் சகோதரர் பெயர்களில் யூதா என்றும் ஒன்று வருகிறது. சிரியத் திருச்சபையின் நினைவில் இந்த யூதாவும் சீடர் தோமாவும் ஒருவராகக் கலந்துவிட்டார்களோ என்று சில ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள்.

1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் புதைந்திருந்த சாடியில் கிடைத்த சுவடிகளுள் ஒன்றும் இவர் பெயரையே தாங்கியிருந்தது. ‘தோமா நற்செய்தி’ எனப்படும் அதில் பிறப்பு, அற்புதம், சிலுவை, உயிர்த்தெழுதல் எதுவும் கிடையாது. இயேசுவின் 114 வாய்மொழிகள் மட்டுமே உண்டு. இயேசுவை முதன்மையாக ஞானம் சொன்ன ஆசானாகப் பார்க்கும் குரோசன் போன்றோருக்கு இது அடித்தளச் சான்றுகளில் ஒன்றானது. இரண்டாம் நூற்றாண்டில் திருத்தி எழுதியது என்று மற்றவர்கள் மறுக்கிறார்கள். வரலாற்று இயேசுவைப் பற்றிய இன்றைய விவாதத்தின் நடுவில் நிற்கும் அதே பெயரோடுதான் திருவிதாங்கோட்டுக் கருங்கல் பள்ளியின் மரபும் இணைந்திருக்கிறது.

எந்த இந்தியா, எந்தத் தோமா?

தென்னிந்தியாவுக்குத் தோமா வரவில்லை என்பவர்கள் பல வழிகளில் விளக்கம் தருகிறார்கள். பழங்காலக் கிரேக்க எழுத்தாளர்களுக்கு இந்தியா என்பது அரேபியாவின் தென்கரை முதல் சிந்துவுக்கு அப்பாலும் நீளும் தளர்வான பெயர். யூசேபியஸின் திருச்சபை வரலாற்றில் தோமாவுக்குக் கிடைத்த நாடு பார்த்தியா. இந்தியாவுக்குப் போனவர் பர்த்தலமேயு. ஆகவே தோமாவின் இந்தியா வடமேற்கில் முடிந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. 2006 செப்டம்பரில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் ஆற்றிய உரையும் இந்தப் பொருள்படவே இருந்ததால் கேரளத்தில் பெரும் வருத்தம் எழுந்தது.

இரண்டாவது கருத்து, பெயர்க் குழப்பம். நான்காம் நூற்றாண்டில் வந்ததாகக் கேரள மரபே போற்றும் வணிகர் ஒருவர் உண்டு: கானாயித் தோமா. அவர் வருகையின் நினைவு பின்னுக்கு நகர்ந்து சீடர் தோமாவின் நினைவாயிற்று என்கிறார்கள். மூன்றாவது, மானி சமயக் கருத்து. பரங்கிமலையில் 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த பகலவி எழுத்துச் சிலுவையை 1873இல் ஆராய்ந்த ஏ.சி. பர்னல், மானி என்ற பாரசீக ஞானிக்கும் தோமா என்ற சீடர் இருந்ததைச் சுட்டி, தென்னிந்தியத் தோமா அவராக இருக்கலாம் என்றார். பிற்கால ஆய்வு அந்தச் சிலுவையைப் பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்று கண்டதால் இந்தக் கருத்து வலுவிழந்தது.

எதிர்ப்பக்கமும் வெறுங்கையோடு இல்லை. மெட்லிகாட் 1905இலும், ஃபார்குவார் 1920களிலும், மத்தியாஸ் முண்டாடன் 1984இலும் மரபின் நடுவே ஓர் உண்மைக் கரு உண்டு என்று வாதிட்டார்கள். கடல்வழி அவர்களுக்குத் துணை. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல், முசிறியைச் சொல்லிவிட்டு நம் குமரியையும் சொல்கிறது: துறைமுகம் இருக்கிறது, தவம் பூண்டவர்கள் வந்து நீராடுகிறார்கள், ஒரு பெண் தெய்வம் அங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று. எகிப்திலிருந்து பருவக்காற்றில் மிளகுக்கு ஆண்டுதோறும் கப்பல்கள் வந்த கடலில், ஒரு யூதத் தச்சரும் வந்திருக்க முடியும். முடியும் என்பதற்கும் வந்தார் என்பதற்கும் நடுவே பாலம் கட்ட அந்தக் கப்பல்கள் போதாது.

இப்போது அளவுகோலை எடுப்போம். இயேசுவின் மரணத்துக்கும் பவுலின் கடிதங்களுக்கும் இடைவெளி இருபது, இருபத்தைந்து ஆண்டுகள். தோமாவின் மரணத்தை மரபுப்படி 72 என்று கொண்டால், ‘தோமாவின் பணிகள்’ எழுத நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் கேரளம் இல்லை. சபைகளின் பெயர்களை வரிசையாகப் பாடும் ‘றம்பான் பாட்டு’ இன்றைய வடிவத்தில் 1601ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. இடைவெளி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள். இயேசு வாழ்ந்தார் என்பதை உறுதியாகச் சொல்லும் அதே முறை, தோமா திருவிதாங்கோட்டுக்கு வந்தார் என்று சொல்ல மறுக்கிறது. வரவில்லை என்று அறுதியிடவும் அது துணியாது. இதுவே நேர்மையான முடிவு என்று நான் நம்புகிறேன்.

ஒரு தூணின் கதை

நினைவு எப்படிப் பெயரைத் தேடிக்கொள்கிறது என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. பாப்பரசரின் தூதராகச் சீனம் போய்த் திரும்பிய மரிக்னொல்லி என்ற பிரான்சிஸ்கன் துறவி 1340களின் இறுதியில் கொல்லத்தில் தங்கினார். உலகின் மூலையில், ஏதேன் தோட்டத்துக்கு எதிரே, உலக முடிவுவரை நிற்க வேண்டும் என்று பளிங்குத் தூண் நாட்டி, மேலே கற்சிலுவை பொருத்தியதாகத் தம் நூலில் பெருமையுடன் எழுதினார். முந்நூறு ஆண்டுகள் கழிந்து, 1662இல் டச்சுப் போதகர் பால்டேயஸ் கொல்லம் கடற்கரையில் ஒரு தூணைப் பார்த்தார். யார் நாட்டியது என்று கேட்டதற்கு ஊரார் சொன்ன பதில்: தோமா நாட்டியது. அது மரிக்னொல்லியின் தூணாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதினார் ஆய்வாளர் ஹென்றி யூல்.

ஊரார் பொய் சொல்லவில்லை. தங்கள் கரையில் கண்ட சிலுவையை, தாங்கள் அறிந்த மிகப் பெரிய பெயரோடு சேர்த்தார்கள். நாஞ்சில் நாட்டில் பாண்டவர் தங்கிய பாறைகளும் அனுமன் உதறிய மலைத்துண்டும் இருப்பது இதே வழக்கத்தால்தான். அந்தத் துண்டு என்று சொல்லப்படும் மருந்துவாழ்மலையில் மூலிகை பறிக்கப் போகிறவர் எவரும் அதைக் கேலியாகச் சொல்வதில்லை. அன்பின் மொழி அது.

ஏட்டில் இருப்பது

தோமாவைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், உறுதியான சான்றுகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கடல் வணிகர், மிளகு விளையும் மாலே நாட்டில் கிறிஸ்தவர்கள் இருப்பதை எழுதுகிறார். அடுத்து வரும் சான்று வேணாட்டுக்கே உரியது. சேரன் தாணுரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், கி.பி. 849இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்தில் சபீர் ஈசோ என்பவர் எழுப்பிய தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குச் செப்பேடு வழங்கினார். ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் குடிகளைப் பள்ளிக்கு உரிமையாக்கினார். வரிகளை விட்டுக்கொடுத்தார். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களைப் பள்ளிக்குக் காவலாக வைத்தார். எழுத்து வட்டெழுத்து, மொழி அன்று குமரிமுனை வரை பேசிய மொழி. சாட்சிக் கையெழுத்துகளோ அரபியில், பகலவியில், எபிரேய எழுத்தில்.

அந்த நூற்றாண்டை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 866 வாக்கில் ஆய் அரசன் கருநந்தடக்கன் விளவங்கோடு பகுதியில் பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயில் எழுப்பி, 95 சட்டர்கள் தங்கிப் படிக்கும் சாலையும் அமைத்தான். அதே நூற்றாண்டில் சிதறாலில் குணந்தாங்கிக் குறத்திகள் பொன் கொடுத்தார். சில நாள் நடைதூரத்துக்குள் வேதம் ஓதும் சாலை, சமணர் மலை, சிரியப் பள்ளி. மூன்றுக்கும் ஆவணம் இருக்கிறது. மூன்றையும் இந்த மண்ணின் அரசும் வணிகமும் குடிகளும் தாங்கின.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் ஏறக்குறைய 49 விழுக்காடு, கிறிஸ்தவர் 47 விழுக்காடு. 1982இல் மண்டைக்காட்டில் தொடங்கிய மதக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அதனால்தான் இங்கே கி.பி. 63 என்பது வெறும் ஆண்டாக இருப்பதில்லை. அதை நிரூபித்தால் நாங்கள் ஆதிகுடி என்று ஒரு பக்கம் சொல்லும். உடைத்தால் நீங்கள் வந்தேறி என்று மறுபக்கம் சொல்லும். இரண்டு பேரும் வரலாற்றை நிலப்பட்டா போலக் கையில் பிடித்திருக்கிறார்கள். தோமா வந்திருந்தாலும் வராவிட்டாலும், கடலோர முக்குவரும் வயலோர நாடாரும் வெள்ளாளரும் இந்த மண்ணிலேயே பிறந்து, இதே ஆற்றுநீர் குடித்து, இதே மொழியில் வேண்டிக்கொண்டவர்கள். அவர்களுடைய உரிமை ஒரு யூதத் தச்சரின் கப்பலில் வந்து இறங்க வேண்டியதில்லை.

அரைப்பள்ளிக்கு வருகிறவர் தோமா நின்ற இடம் என்று நம்பி வணங்கலாம்; அது அவர் விசுவாசம், அதற்கு ஆய்வாளர் சான்றிதழ் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லும் ஆசிரியர் மட்டும் 63ஐ மரபு என்றும், 849ஐ ஆவணம் என்றும் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிப் படித்த பிள்ளை இயேசுவைப் பற்றியும் தோமாவைப் பற்றியும் அனுமனைப் பற்றியும் அச்சமில்லாமல் கேள்வி கேட்கும். பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையை மதித்துக்கொண்டே கேட்கும்.

அடுத்த அத்தியாயத்தில் தேதியும் கடிதமும் கையில் உள்ள ஒரு மனிதரைப் பார்ப்போம். 1544இல் இந்தக் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தாமே எழுதிய பிரான்சிஸ் சவேரியார், கோட்டாறு ஊருக்குள் எப்படி வந்தார், வேணாட்டு அரசன் அவரை ஏன் வரவேற்றான் என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)